மூன்று தீவுகளின் மொழி

தோழியரே, 'ஙஙன' என்றொரு சொல்லைக் கேட்டிருக்கிறீர்களா? நம் தமிழில் ஙகரம் சொல்லுக்கு முதலில் வருவது அரிதினும் அரிது. பசிபிக் மாக்கடலில் வாழும் டோக்கெலாவ் மக்களுக்கோ 'மொழி' என்பதற்கே அதுதான் சொல். அவர்களது அரிச்சுவடியில் பதினைந்தே எழுத்துகள். 247 எழுத்துகளை எழுதிப் பழகிய எங்களுக்குச் சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது!

சமோவாவுக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன அட்டாஃபு, நுக்குனோனு, ஃபக்காவோஃபோ என்னும் மூன்று பவளத் தீவுகள். விமானம் இறங்க இடமில்லை. கப்பலில் ஒரு நாளுக்கு மேல் செல்லவேண்டும். 1926 முதல் நியூசிலாந்தின் ஆட்சிப் பொறுப்பில் உள்ள இத்தீவுகளில் சுமார் 1,500 பேரே வாழ்கின்றனர்.

நுக்குனோனு மக்கள் பெரும்பாலும் நம்மைப் போல் கத்தோலிக்கர். ஆனால் நெடுங்காலம் அத்தீவுகளில் வேதாகமமும் ஆலயப் பாடல்களும் சமோவா மொழியிலேயே இருந்தன. பள்ளிப் பாடமும் அப்படியே. மீனையும் படகையும் தாய்மொழியில் அழைத்தவர்கள், கடவுளை அயல்மொழியில் அழைத்தார்கள். இலத்தீன் திருப்பலியைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்ட நமக்கு இது விளங்காமற் போகாது. டோக்கெலாவ் மொழிக்கு ஒரு பெரிய அகராதி வெளிவந்ததே 1986-இல்தான்.

அம்மொழியில் எங்களுக்கு மிகவும் பிடித்த சொல் 'இனாத்தி'. ஊரார் கூடிப் பிடித்த மீன்களைக் கரையில் குவித்து, வீடு வீடாகப் பங்கிடும் வழக்கத்திற்கு அப்பெயர். கடலுக்குப் போகாத வீட்டுக்கும், ஆண்துணை இல்லாத வீட்டுக்கும் தலைக்கணக்குப்படி பங்கு உண்டு. விலை என்ற பேச்சே இல்லை.

1966-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின், அரசு உதவியுடன் பல குடும்பங்கள் நியூசிலாந்தில் குடியேறின. 2018-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே டோக்கெலாவ் வழியினர் 8,000-க்கும் மேல். தீவில் இருப்போரைவிடப் பல மடங்கு! அவர்களின் பிள்ளைகளில் பலர் ஆங்கிலமே பேசுகின்றனர். மீனை எடைபோட்டு விற்கும் ஊரில், 'இனாத்தி' என்பதை எதைக் காட்டிப் புரியவைப்பது?

பெரியவர்கள் சும்மா இருந்துவிடவில்லை. ஆண்டுதோறும் மொழி வாரம் கொண்டாடுகின்றனர். நம்மில் பலர் பார்த்த 'மோவானா' (2016) திரைப்படப் பாடலிலும் இம்மொழி ஒலிக்கிறது. வெலிங்டன் பகுதியில் பாலர் பள்ளிகளும் நடத்துகின்றனர். அங்கே 'தாஹி, லுவா, தோலு' என்று எண்ணும் பிள்ளைகளுக்கு ஐந்தைக் கற்பிப்பது எளிது. கையை விரித்துக் காட்டினால் போதும். ஐந்துக்கும் கைக்கும் அவர்களிடம் ஒரே சொல், 'லிமா'.