அந்த ஐந்து வருஷம்

"இத்தனை வருஷமா ஏன் சொல்லவில்லை?" எதிர்த்தரப்பு வக்கீலின் வாதம் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 33-ஆம் பிரிவுப்படி அதை அவர் நேரே கேட்க முடியாது. நீதிபதி வழியாகவே கேட்க வேண்டும். நீதிபதி கேட்டதும், திரைக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது: "அவர்கிட்ட அப்பாவுக்கு அட்வான்ஸ் பாக்கி இருந்துச்சுங்க."

சந்தவாசல் பக்கம், ஆரணிப் பட்டு நெய்யும் குடும்பம் அது. அதற்குமேல் அடையாளம் சொல்லக் கூடாது. பாவும் ஜரிகையும் தருபவரிடமே கடனும் வாங்கிய வீடுகளில், அந்தக் கடன் தீராமல் வேறு இடத்தில் பாவு வாங்க முடியாது. அப்படிப்பட்ட ஒருவர் வீட்டுக்குத் தார் சுற்றப் போன பதினொரு வயதுப் பிள்ளையிடம் அவர் பலமுறை அத்துமீறியிருக்கிறார். பிள்ளை பள்ளியில் மயங்கி விழுந்தது. ராத்திரியில் அலறியது. காத்து கருப்பு என்று தாயத்துக் கட்டினார்கள். பதினொன்றாம் வகுப்பில் நடந்த ஒரு விழிப்புணர்வு வகுப்புக்குப் பிறகுதான் ஆசிரியையிடம் வாய் திறந்தாள். அவர் அன்றே போலீசுக்குத் தகவல் சொன்னார்.

போக்சோவின் 40-ஆம் பிரிவின்படி குடும்பத்தின் சார்பில், அரசு வக்கீலுக்குத் துணையாக நான் ஆஜரானேன். முதல் தடை காலவரம்பு. இதே கொடுமை 2012 நவம்பர் 14-க்கு முன், போக்சோ வருவதற்கு முன்பு நடந்திருந்தால், மானபங்கத்துக்கான இந்திய தண்டனைச் சட்டத்தின் 354-ஆம் பிரிவுதான் கைகொடுத்திருக்கும். அப்போது அதற்கு அதிகபட்ச தண்டனை இரண்டு ஆண்டு. எனவே மூன்று ஆண்டுக்குள் வழக்கு வந்தாக வேண்டும். போக்சோவில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையிடம் செய்த அத்துமீறலுக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு வரை தண்டனை. மூன்று ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது. அந்தத் தடை விலகியது.

'தாமதமாகச் சொன்னால் பொய்' என்ற நினைப்பை விலக்குவதுதான் கடினம். அது மிகப் பழையது. 1896-ல் சிறுவயதுப் பாலியல் கொடுமையே ஹிஸ்டீரியா நோய்க்குக் காரணம் என்று சொன்ன ஃபிராய்ட், அடுத்த ஆண்டே அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1983-ல் அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட், இரகசியம், கையறுநிலை, பொறியில் சிக்கிப் பணிந்துபோதல், தாமதித்துச் சொல்லுதல், சொன்னதை மறுத்தல் என்று குழந்தைகள் போகும் வழியை எழுதினார். 1998-ல் அமெரிக்க மருத்துவர்கள் ஃபெலிட்டியும் ஆண்டாவும் வெளியிட்ட ஆய்வு, சிறுவயதுக் கொடுமைகள் மனச்சோர்வாக, இதயநோயாகப் பெரிய வயதிலும் தொடர்வதைக் காட்டியது. இந்திய அரசின் 2007 ஆய்வில் 53 சதவீதக் குழந்தைகள் ஏதோ ஒரு பாலியல் கொடுமையைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். பெரும்பாலோர் அதை யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

இவை எதுவும் குற்றத்தை நிரூபிக்காது. அதை அந்தப் பெண்ணின் சாட்சியம்தான் நிரூபிக்க வேண்டும். ஆனால் மௌனத்தைப் பொய்க்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதை இவை சொல்கின்றன. மனநல மருத்துவரும் சாட்சிக் கூண்டில் அதைத்தான் விளக்கினார். நீதிபதி ஏற்றார், தண்டனை கிடைத்தது.

அந்த ஐந்து வருஷத்துக்குக் கணக்குக் கேட்க வேண்டியது பிள்ளையிடம் அல்ல, சுற்றியிருந்த பெரியவர்களிடம். தெரிந்தும் சொல்லாமலிருப்பது போக்சோவில் குற்றம். பிள்ளை மாறிப்போனதைக் கண்டால் தாயத்துக்கு முன் காரணம் கேளுங்கள். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். நிரூபிப்பது எங்கள் வேலை.