சிம்மாசனம் திரும்பிய கதை

சென்ற கோடைகாலத்தில், இலண்டனில் வாழும் என் மகள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை காலை, மகளும் மருமகனும் பத்து வயதுப் பேரனும் நானுமாகப் புகையிரதம் ஏறி வின்சர் கோட்டையைப் பார்க்கச் சென்றோம்.

தேம்ஸ் நதியோரத்துச் சுண்ணக் குன்றொன்றின் மேல் அக்கோட்டை கம்பீரமாக நிற்கின்றது. 11ஆம் நூற்றாண்டில் வெற்றிவீரன் வில்லியம் மண்மேடும் மரவேலியுமாக அமைத்த காவலரணைப் பின்வந்த அரசர்கள் கல்லாற் கட்டி விரித்தனர். 1992இல் மூண்ட தீ நூற்றுக்கும் மேற்பட்ட அறைகளைப் பாழாக்கியதாம். ஐந்தே ஆண்டுகளில் அனைத்தையும் புதுப்பித்துவிட்டனர். இவற்றையெல்லாம் எனக்குச் சொன்னவன் பேரன்தான். பள்ளியிற் படித்ததை ஒன்றும் விடாமல் ஒப்புவித்துக்கொண்டு, எங்களுக்கு முன்னே நடந்தான்.

“எங்கட நாட்டு அரசரின் சிம்மாசனமும் ஒருகாலம் இந்தக் கோட்டையிலேதான் இருந்தது, தெரியுமோ?” என்றேன். அவன் நம்பவில்லை. புல்வெளியோரத்து வாங்கொன்றில் அமர்ந்து கதையைச் சொன்னேன்.

1693இல் ஒல்லாந்தர் கண்டியரசன் இரண்டாம் விமலதர்மசூரியனுக்கு அளித்த பொற்றகடு வேய்ந்த ஆசனம் அது. 1815இல் கண்டி ஆங்கிலேயர் வசமானபின் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வின்சரில் வைக்கப்பட்டது. 1934இல் குளோஸ்டர் கோமகன் அதனை இலங்கைக்குத் திரும்பக் கொண்டுவந்தார். மாணவனாயிருந்த காலத்தில் கொழும்பு நூதனசாலையில் அதன் முன்னே நெடுநேரம் நின்றிருக்கிறேன்.

“அதிலே இருந்த ராசா?” என்று கேட்டான் பேரன்.

“ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை வேலூருக்கு அனுப்பிச் சிறைவைத்தார்கள். 1832இல் அங்கேயே காலமானார்.”

“அப்ப, கதிரை மட்டும்தான் வீட்டுக்குப் போனதோ, அம்மப்பா?”

“ஓம், ராசா.”

அவன் சிறிது யோசித்தான். பின் தாயிடம் திரும்பி, “நீங்கள் எப்ப அம்மா வீட்டுக்குப் போவீங்கள்?” என்றான்.

மகள் ஊரைவிட்டு வந்து பதினெட்டு வருடங்கள். வேலை, வீட்டுக்கடன், பிள்ளையின் படிப்பு என்று ஒவ்வோராண்டும் ஒரு காரணம் இருந்தது. தாயின் இறுதிக்கிரியைக்கும் அவளால் வர முடியவில்லை. அவள் மறுமொழி சொல்லாமல் மகனின் தலையைத் தடவினாள்.

மாலையில் திரும்பும்போது, புகையிரதத்திற் பேரன் உறங்கிவிட்டான். மகள் மெல்லக் கேட்டாள்:

“அப்பா, அந்தச் சிம்மாசனம் இப்பவும் கொழும்பிலேதானே இருக்குது? இவனுக்கு ஒருக்காக் காட்டவேணும்.”

“அங்கேதான் இருக்குது, பிள்ளை” என்றேன்.

எப்போது வருவீர்கள் என்று நான் கேட்கவில்லை.