வேலை நாளில் ஜெபவேளை

தானியேல் புத்தகத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் தானியேல் ஓய்வாக இருந்த மனிதர் அல்ல. தரியு ராஜா நியமித்த 120 தேசாதிபதிகளுக்கு மேலே மூன்று பிரதானிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் அவர். அந்தத் தேசாதிபதிகள் கணக்கு ஒப்புவிக்க வேண்டியது அந்த மூவரிடம்தான். அப்படிப்பட்டவர் நாள்தோறும் மூன்று வேளை, எருசலேமுக்கு நேராகப் பலகணி திறந்திருந்த தன் மேலறையில் முழங்கால்படியிட்டு ஜெபித்தார். ஜெபத்தைத் தடைசெய்து கட்டளை பிறந்த நாளிலும் வழக்கம்போலவே செய்தார். சிங்கக் கெபியின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்கிறவர்கள் அவருடைய தைரியத்தைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அந்தத் தைரியத்துக்கு அடியில் இருந்தது நெடுநாள் பழக்கம். எந்த அறை, எந்த வேளை, எந்தப் பக்கம் முகம் என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருந்ததால், அந்த நெருக்கடியான நாளில் அவர் புதிதாக யோசிக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆதித் திருச்சபைக்கும் இந்த வேளைகள் யூத மரபிலிருந்தே வந்தன. பேதுருவும் யோவானும் ஒன்பதாம் மணி வேளையில், அதாவது பிற்பகல் மூன்று மணி அளவில், ஜெபத்துக்காகத் தேவாலயத்துக்குப் போகிறார்கள். யோப்பாவில் தங்கியிருந்த பேதுரு நடுப்பகலில் மேல்வீட்டுக்கு ஏறி ஜெபிக்கிறார். அவருக்கு நல்ல பசி, சாப்பாடு இன்னும் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஆதிக் கிறிஸ்தவர்களின் சிறு கையேடான 'திதாகே', கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. நிதானமாகச் சொன்னாலும் அது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். கூலிக்காரரும் அடிமைகளும் நிறைந்திருந்த சபைக்கு இதைவிடப் பொருத்தமான அளவு இருக்க முடியாது.

பிற்காலத்தில் மடங்கள் பெருகியபோது இந்த அளவும் பெருகியது. ஆறாம் நூற்றாண்டில் பெனடிக்ட் எழுதிய மடத்து ஒழுங்கின்படி பகலில் ஏழு ஜெபவேளை, இரவில் ஒன்று. 150 சங்கீதங்களும் வாரத்துக்கு ஒரு சுற்று முடிய வேண்டும். உழவருக்கும் தச்சருக்கும் இது கட்டுப்படியாகாது, பெரும்பாலோருக்கு வாசிக்கவும் தெரியாது. அவர்களுக்கென்று வேறு வழிகள் உருவாயின. 150 சங்கீதங்களுக்கு ஈடாக 150 முறை மங்கள வார்த்தை சொல்லும் செபமாலை அவற்றில் ஒன்று. காலை, நண்பகல், மாலை என்று கோயில் மணி அடித்ததும் நின்ற இடத்திலேயே சொல்லும் மூவேளைச் செபம் இன்னொன்று. பிரெஞ்சு ஓவியர் மில்லே 1857க்கும் 1859க்கும் இடையில் தீட்டிய படத்தில் அந்த மாலை வேளையைப் பார்க்கலாம். உருளைக்கிழங்கு வயலில் ஒரு ஆணும் பெண்ணும் தலை குனிந்து நிற்கிறார்கள். முட்கரண்டி போன்ற தோண்டுகருவி மண்ணில் குத்தி நிற்கிறது, காலடியில் கூடை, பின்னால் மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி. அவன் கையில் தொப்பி. வேலை முடியவில்லை, நின்றிருக்கிறது. மணியோசை ஓய்ந்ததும் மறுபடி தொடரும். மணி அடிக்கிற கத்தோலிக்க ஊர்கள் தமிழ்நாட்டில் இன்றும் உண்டு. அங்கே பிறந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவர்கள் இழந்தது அந்த மணியைத்தான். நினைவூட்டும் பொறுப்பை அதுவரை ஊரே சுமந்துகொண்டிருந்தது.

இங்கிலாந்தில் 1549இல் பேராயர் கிரான்மர் வெளியிட்ட பொது ஜெபப் புத்தகம் மடத்து வேளைகளை மக்களுக்காக இரண்டாகச் சுருக்கியது: காலை ஜெபம், மாலை ஜெபம். கிரான்மரின் பல சீர்திருத்தங்களில் சாதாரண மனிதருடைய நாளை நன்றாகப் புரிந்துகொண்டு செய்தது இது என்று சொல்லலாம்.

வேலை செய்கிற ஒருவர் எப்படி ஜெபிப்பது என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லும் நூல் ஒன்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே வந்திருந்தது. விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூத்தருக்கு முடி திருத்தியவர் பீட்டர் பெஸ்கென்டோர்ஃப். எப்படி ஜெபிக்க வேண்டும் என்று அவர் கேட்டதற்கு லூத்தர் 1535இல் ஒரு சிறு புத்தகமாகவே பதில் எழுதினார். தனக்கும் வேலைகளாலும் வேறு நினைவுகளாலும் ஜெபத்தில் மனம் குளிர்ந்துபோவதுண்டு என்று லூத்தர் அதில் ஒளிக்காமல் சொல்கிறார். அப்போது சங்கீதப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவாராம். சபை கூடியிருக்கும் நேரமானால் ஆலயத்துக்குப் போவாராம். அங்கே பத்துக் கட்டளைகளையும் விசுவாசப் பிரமாணத்தையும் சில வசனங்களையும் சின்னப் பிள்ளைகளைப் போல மெல்லச் சொல்லிக்கொள்வாராம். மனம் சூடாகட்டும், பிறகு ஜெபிக்கலாம் என்று அவர் காத்திருப்பதில்லை. வார்த்தைகளைச் சொல்லச் சொல்ல மனம் சூடேறும் என்பது அவருடைய அனுபவம்.

காலையில் முதல் வேலையாகவும் இரவில் கடைசி வேலையாகவும் ஜெபம் இருக்கட்டும் என்கிறார். முதலில் இந்தக் காரியத்தை முடித்துவிடலாம், ஒரு மணி நேரம் கழித்து ஜெபிக்கலாம் என்று தோன்றும் நினைப்பைப் பற்றிக் கடுமையாக எச்சரிக்கிறார். அந்த நினைப்புக்கு இடம் கொடுத்தால் ஒரு வேலை இன்னொரு வேலையை இழுத்துவந்து அன்றைய ஜெபத்தையே விழுங்கிவிடும். கவனத்தைப் பற்றிப் பேசும்போது பீட்டரின் தொழிலையே எடுத்துக்கொள்கிறார். நல்ல நாவிதரின் கண்ணும் எண்ணமும் கத்தியிலும் முடியிலும் இருக்கும். எதுவரை மழித்தோம் என்பது அவருக்கு மறக்காது. பேச்சில் மனம் போனால் மூக்கிலோ வாயிலோ கத்தி பட்டுவிடும். அதோடு ஒரு குருவானவரின் கதையும் வருகிறது. அவர் ஜெபத்தின் ஒரு வரியைச் சொல்லிவிட்டு, வண்டியில் குதிரை பூட்டியாயிற்றா என்று வேலைக்காரனைக் கேட்கிறார். அடுத்த வரியைச் சொல்லிவிட்டு, மாட்டைக் கறக்கும்படி வேலைக்காரியை அனுப்புகிறார். கைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜெபிக்கும் யாருக்கும் அந்தக் குருவானவர் அந்நியர் அல்ல.

ஒவ்வொரு கட்டளையையும் நான்கு இழையாகப் பிரித்துக்கொள்ள லூத்தர் கற்றுக்கொடுக்கிறார்: அது எதைக் கற்பிக்கிறது, எதற்காக நன்றி சொல்ல வைக்கிறது, எதை அறிக்கையிட வைக்கிறது, எதைக் கேட்க வைக்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து களைத்துப்போக வேண்டாம், ஒரு பகுதியோ அதில் பாதியோ போதும் என்றும் சொல்லிவிடுகிறார். லூத்தர் தினம் மூன்று மணி நேரம் ஜெபித்தார் என்ற செய்தி பிரசங்கங்களில் அடிக்கடி வரும். 1530இல் கோபுர்க் கோட்டையில் அவரோடு தங்கியிருந்த வெய்ட் டீட்ரிக் ஒரு கடிதத்தில் எழுதிய செய்தி அது. உண்மைதான். ஆனால் காலை ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவரை அந்தச் செய்தி சோர்வடையவே செய்யும். அவருக்கு உதவுவது நாவிதருக்கு எழுதிய அந்தப் புத்தகம்.

பீட்டரின் பிற்பாட்டுக் கதை துயரமானது. அதே 1535இல் ஈஸ்டரை ஒட்டிய நாளில், சாப்பாட்டு மேசையில், தன் மருமகனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டார். லூத்தர் உள்ளிட்டோர் பரிந்து பேசியதால் மரண தண்டனை தப்பியது, ஊரைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஜெபப் பழக்கம் ஒருவரைத் தவறே செய்யாதவராக்கிவிடும் என்று அந்தப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அதில் பாவ அறிக்கைக்கென்று ஓர் இழை இருப்பது, தினமும் அது தேவைப்படும் மனிதர்களுக்காக எழுதப்பட்டதால்தான்.

1529இல் லூத்தர் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் காலைக்கும் இரவுக்கும் குறுகிய ஜெபங்கள் உண்டு. காலை ஜெபம் முடிந்ததும் ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியாக வேலைக்குப் போகச் சொல்கிறது அது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு அதைத் தமிழில் மொழிபெயர்த்தார். தமிழ்ச் சீர்திருத்தச் சபைகளின் வீடுகளில் வேரூன்றிய குடும்ப ஜெபத்துக்கு அந்த ஞானோபதேசமும் ஒரு ஊற்று.

குடும்ப ஜெபம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால். கூடத்தில் பாய் விரிப்பார்கள். ஒரு கீர்த்தனையோ ஞானப்பாட்டோ பாடியதும், வேதப் பகுதியை ஆளுக்கு ஒரு வசனமாகச் சுற்றி வாசிப்பார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைக்கும் அதில் ஒரு வசனம் உண்டு. கஷ்டமான பெயர் வந்தால் பக்கத்தில் இருக்கும் அக்கா காதில் சொல்லிக்கொடுப்பாள். பிறகு ஜெபம். பாட்டி ஜெபித்தால் பெயர்கள் வரிசையாக வரும்: வெளியூரில் இருக்கும் மகன், பரீட்சை எழுதும் பேத்தி, எதிர் வீட்டில் காய்ச்சலாய்க் கிடக்கும் அம்மா. சின்னவன் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டிருப்பான். பரமண்டல ஜெபத்துக்கு அவனை உலுக்கி எழுப்புவார்கள். ஜெபிக்கச் சொல்லிக்கொடுக்கும் பாடம் என்று அதற்குப் பெயரில்லை. ஆனாலும் அந்தப் பாயில் வளர்ந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவில் வார்த்தை தேடவேண்டியிருக்காது.

இன்று ஒரு பிள்ளை டியூஷனிலிருந்து எட்டரைக்கு வருகிறது, தகப்பனுக்கு இரவு ஷிப்ட், தாய்க்கு அப்போதுதான் அடுப்படி. இப்படிப்பட்ட வீடுகளில் குடும்ப ஜெபம் நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் அசட்டை அல்ல. முழுப் பாட்டு, ஒரு அதிகாரம், நீண்ட ஜெபம் என்ற பழைய அளவைக் குறைக்க மனம் வராமல் மொத்தத்தையும் விட்டுவிடுகிறார்கள். ஒரு சரணம், ஐந்து வசனம், ஆளுக்கு ஒரு வாக்கியம், பரமண்டல ஜெபம் என்று குறைத்துக்கொண்டால் ஏழெட்டு நிமிடம்தான். வெளிநாட்டில் இருக்கும் மகன் வீடியோ அழைப்பில் வந்து தன் வசனத்தை வாசிக்கிற வீடுகளும் இருக்கின்றன. அளவைக் குறைப்பதில் தப்பில்லை. சீர்திருத்தக் காலத்தில் திருச்சபையே செய்த வேலை அது.

தனி ஜெபத்துக்கு இன்னும் எளிய ஏற்பாடு போதும். பெரிய எதிரி கைபேசி. கண் விழித்ததும் கை அதைத்தான் தேடுகிறது. வேதாகமச் செயலியைத் திறக்கப்போனவர் இரவில் வந்த பத்துச் செய்திகளைப் பார்த்துவிட்டு எழுகிறார். அச்சிட்ட வேதாகமம் ஒன்றைத் தலைமாட்டில் வைத்து, கைபேசியை வேறு அறையில் சார்ஜில் போடுவது சின்னக் காரியம்தான், ஆனால் பலன் பெரிது. யாருக்காக ஜெபிப்பது என்ற பெயர்ச் சீட்டை அந்த வேதாகமத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அரைத்தூக்கத்திலும் தடுமாற்றம் இருக்காது.

நாள் முழுவதும் வேலைக்கு நடுவே ஜெபிப்பது பற்றிப் பேச்செடுத்தால் பாரிஸ் கார்மேல் மடத்துச் சகோதரர் லாரன்ஸின் பெயர் வராமல் இருக்காது. போரில் காயம்பட்டுக் கால் ஊனமான முன்னாள் சிப்பாய் அவர். 1691இல் இறந்தார். மடத்தில் அவருக்கு விழுந்தது சமையலறை வேலை. அவருக்கு இயல்பிலேயே பிடிக்காத வேலை. திராட்சரசம் வாங்க பர்கண்டிக்கு அனுப்பப்பட்டபோது, ஊனக் காலோடு படகில் நடக்க முடியாமல் பீப்பாய்கள் மேல் உருண்டு உருண்டுதான் நகர முடிந்தது. சமையலறைச் சந்தடியிலும் ஜெபவேளையின் அமைதியிலும் தேவ சமுகம் தனக்கு ஒன்றுபோலவே இருந்தது என்று அவர் பிற்காலத்தில் சொன்னதைப் பலரும் எடுத்தாள்கிறார்கள். முதல் பத்து ஆண்டுகள் மிகவும் துன்பப்பட்டதாக அவரே எழுதியதை அதிகம் பேர் சொல்வதில்லை. அவரைச் சுற்றி மடத்தின் மணியும் ஜெபவேளைகளும் என்றும் இருந்தன என்பதையும் மறக்கக் கூடாது. வேலையே எனக்கு ஜெபம் என்று சொல்லி, நியமித்த வேளையைக் கைவிடுகிறவர்கள் அவரைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. லூத்தரும் வேலை ஜெபமாகலாம் என்று ஒப்புக்கொண்ட உடனேயே, அந்தச் சாக்கில் உண்மையான ஜெபத்தை விட்டுவிடக் கூடாது என்று சேர்த்தே எழுதினார்.

நியமித்த வேளை இருக்கும்போது இடையில் சொல்லும் குறு ஜெபங்களுக்குப் பலம் கூடுகிறது. எகிப்துத் துறவிகள் எறிந்ததுபோல் சொல்லும் இத்தகைய ஜெபங்களைப் பற்றி அகஸ்டின் புரோபா என்ற விதவைக்கு எழுதிய கடிதத்தில் குறிப்பிடுகிறார். தமிழ்க் கத்தோலிக்கர் இவற்றை மனவல்லய செபம் என்பார்கள். கடையில் உட்கார்ந்தபடியும் வாங்கும்போதும் விற்கும்போதும் சமைக்கும்போதும் ஊக்கமாக ஜெபிக்கலாம் என்று நான்காம் நூற்றாண்டில் கிறிசோஸ்தோம் போதித்தார். இவற்றைத் தினம் நடக்கும் ஏதாவது ஒரு செயலோடு கட்டிவிடுவது நல்லது. வார்டில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் நோயாளிக்கு நோயாளி கை சுத்தம் செய்கிறார். திரவம் தேய்ப்பதற்கு உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 20 முதல் 30 விநாடி. அடுத்த கட்டிலில் இருப்பவரின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபிக்க அது தாராளம். ஒரு ஷிப்டில் எத்தனை முறை கை சுத்தம் செய்கிறாரோ அத்தனை பேருக்காக ஜெபித்திருப்பார், ஒரு நிமிடம்கூடக் கூடுதலாகச் செலவாகாமல்.

தவறிப்போகும் நாட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை வைத்துச் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள் என்றது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. அது ஜெபத்தைப் பற்றிய ஆய்வு அல்ல. ஆனாலும் இரண்டு நாள் தவறியதும் குற்றவுணர்வில் மொத்தமாக விலகிவிடும் விசுவாசிகளுக்கு அந்தத் தகவல் தேவை. விட்ட நாட்களைச் சேர்த்து மறுநாள் இரட்டிப்பாக ஜெபிக்க முயல்வதுதான் பழக்கத்தை நிஜமாகவே உடைக்கிறது. மறுநாள் அன்றைய அளவு மட்டும் போதும்.

ஷிப்ட் மாறி மாறி வரும் தொழிலாளருக்குக் கடிகாரம் துணை செய்யாது. காலை ஆறு மணி என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு வாரம் குலையும். அவர்கள் ஜெபத்தைத் தூங்கி எழுவதோடு கட்டிவிட வேண்டும்: எழுவது விடியலிலோ பிற்பகலிலோ, பல் தேய்த்ததும் ஜெபம், அதற்குப் பிறகுதான் காபி. ஷிப்ட் மாறும் முதல் இரண்டு நாளும் உடம்பு ஒத்துழைக்காது. அந்த நாட்களுக்குப் பரமண்டல ஜெபம் மட்டும் போதும். மூன்றாம் நாளிலிருந்து ஒரு சங்கீதத்தையும் பெயர்ச் சீட்டையும் மறுபடி சேர்த்துக்கொள்ளலாம்.