கடவுச்சீட்டு வேண்டாத தீவு

வீசா நிபந்தனையால் வெளிநாடு செல்ல முடியாத குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்களும் விடுமுறைக்குப் போய்வரக்கூடிய தீவொன்று குயின்ஸ்லாந்தில் உண்டு. ரவுன்ஸ்வில் நகரிலிருந்து 8 கிலோமீற்றர் தொலைவில், படகில் 20 நிமிடப் பயணத்தில் இருக்கிறது மக்னெற்றிக் தீவு. 1770இல் தமது திசைகாட்டியை இத்தீவு பிசகச் செய்ததாக எண்ணிக் கப்டன் குக் இட்ட பெயர் அது. பரப்பு 52 சதுர கிலோமீற்றர். ஏறக்குறைய எங்கள் நெடுந்தீவளவு. அங்கே காட்டுக் குதிரைகள், இங்கே கோலாக்கள்.

டிசம்பர் விடுமுறையைத் தவிர்ப்போம். நவம்பர் முதல் மே வரை கடலில் நச்சு ஜெலிமீன்கள்; மழையும் புயலும் அக்காலத்தில்தான். யூலை விடுமுறையே உகந்தது.

படகென்றால் எமக்குத் தப்பியோடிய நினைவு. வீடு திரும்புவதற்காகவே படகேறும் பயணத்தைப் பிள்ளைகளாவது அறியட்டும்.