துணைக்கு ஓர் ஆள்



வெம்பக்கோட்டைப் பகுதியில் ஒருவர் "மருந்து" என்று சொன்னால், அவர் மாத்திரையைச் சொல்கிறாரா பட்டாசு மருந்தைச் சொல்கிறாரா என்று ஒரு கணம் பொறுத்துத்தான் அறிய வேண்டியிருக்கிறது. வெயில் ஏறுமுன் கலவை வேலையை முடிக்க வேண்டுமென்பதால் நம் சகோதரர் பலர் விடியலிலேயே ஆலைக்குப் புறப்படுகிறார்கள். அநேகருக்குக் காலை ஆகாரம் ஒரு குவளைத் தேநீர்தான். நாள் முழுதும் குனிந்து திரி செருகி வலித்த இடுப்புக்கு மாலையில் கடையில் ஒரு வலி மாத்திரை வாங்குகிறார்கள். அதனால் வயிறு எரிந்தால் அதற்கு இன்னொரு மாத்திரை. வீடு சந்திப்புக்குச் செல்லும்போது ஜெபக் குறிப்பாக நான் அதிகம் கேட்கும் வியாதி சர்க்கரை. அதற்கு அடுத்தது வயிற்றெரிச்சல். "எனக்கு அல்சர் இருக்கு ஐயா" என்பார்கள். பார்த்துச் சொன்னது யார் என்று கேட்டால், ஒருவரும் பார்க்கவில்லை என்பது தெரியவரும்.

பார்ப்பதைப் பற்றியே இந்த வாரம் எழுதுகிறேன். நம் ஊரில் "குழாய் விட்டுப் பார்ப்பது" என்று சற்று நடுக்கத்தோடு சொல்லப்படுகிற எண்டோஸ்கோபியைத்தான் சொல்கிறேன்.

முன்னோர் காலத்தில் வயிற்றுக்குள் பார்ப்பதென்றால் வயிற்றைக் கீறித்தான் பார்க்க வேண்டும். நம் தென்னாட்டுத் திருச்சபை நன்றியோடு நினைக்கிற டாக்டர் தியோடர் ஹோவார்டு சோமர்வெல் 1922ஆம் ஆண்டு எவரெஸ்ட் ஏறச் சென்ற ஆங்கிலேயர் குழுவில் ஒருவர். பயணம் முடிந்து தென்னாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் மருத்துவமனையில் காத்திருந்த கூட்டத்தைக் கண்டார். லண்டனில் தமக்காகக் காத்திருந்த வாழ்வை விட்டுவிட்டு நெய்யூருக்கே வந்துவிட்டார். அன்று தென் திருவிதாங்கூரில் முன்சிறுகுடற் புண் மிகுதி. ஏழைகள் ஆண்டுக்கணக்காக வலியைச் சுமந்து, நடக்கவும் மாட்டாத நிலையில் வந்து சேருவார்கள். சோமர்வெல்லும் அவரோடிருந்த மருத்துவர்களும் ஆயிரக்கணக்கானோருக்கு வயிற்றைத் திறந்து, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைத்து வழி செய்துகொடுத்தார்கள். அந்தத் தழும்போடு வாழ்ந்த முதியவர்களைக் கன்னியாகுமரி மாவட்டத்துச் சபைகளில் நினைவுகூருவோர் இன்னும் இருக்கிறார்கள்.

இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். அதே சோமர்வெல் 1924இல் மறுபடியும் எவரெஸ்டில் ஏறினார். ஏறத்தாழ 28,000 அடி வரை போய் இறங்கும்போது, உறைபனிக் காற்றில் புண்பட்ட தொண்டைச் சவ்வு கழன்று மூச்சை அடைத்துக்கொண்டது. மரணம் வந்துவிட்டதென்று பனியில் உட்கார்ந்தவர், கடைசி முயற்சியாக இரு கைகளாலும் மார்பை அழுத்த, அடைப்பு வெளியே வந்தது, பிழைத்தார். தொண்டைக்குள் ஒன்று நிற்பதன் அச்சத்தை அவரைப்போல் அறிந்த மருத்துவர் அரிது. அவர் காலத்தில் இந்த வளையும் குழாய் இருந்திருந்தால் எத்தனை வயிறுகள் கத்தியைக் காணாமலே வீடு திரும்பியிருக்கும் என்று நான் எண்ணுவதுண்டு.

அந்தக் குழாய் ஒரே நாளில் வந்ததன்று. 1868இல் குஸ்மௌல் என்ற ஜெர்மானிய மருத்துவர், வாளை விழுங்கிக் காட்டும் வித்தைக்காரர் ஒருவரைக் கொண்டு வளையாத உலோகக் குழாயால் இரைப்பைக்குள் பார்க்க முயன்றார். வாள் விழுங்கத் தெரியாத நம்மைப் போன்றவர்களுக்கு அது உதவாதல்லவா? 1954இல் பஞ்சாபின் மோகா ஊரில் பிறந்த நரீந்தர் சிங் கபானியும் அவருடைய ஆசிரியர் ஹாப்கின்சும், மயிரிழை போன்ற கண்ணாடி நார்க் கற்றை வழியே உருவத்தைக் கடத்தலாம் என்று லண்டனில் செய்து காட்டினார்கள். மூன்று ஆண்டுகளுக்குள் பேசில் ஹிர்ஷோவிட்ஸ் என்ற மருத்துவர் அந்த நாரைக்கொண்டு வளையும் குழாயைச் செய்தார். நோயாளிக்குச் செலுத்துமுன் தாமே அதை விழுங்கிப் பார்த்தார். இப்போது குழாயின் நுனியில் சிறு கேமராவே இருக்கிறது.

சென்ற ஆண்டு எனக்கும் இந்தச் சோதனை செய்யப்பட்டது. ஆகவே அனுபவித்ததையே எழுதுகிறேன். முந்தின இரவு உணவுக்குப் பின் ஒன்றும் உண்ணலாகாது என்றார்கள். உபவாசத்துக்குப் பழகியவனுக்கு இது பெரிதா என்ற நினைப்போடு போனேன். மருத்துவமனை வாசலில் இட்லிக் கடை இருந்ததை யாரும் முன்னதாகச் சொல்லவில்லை. உள்ளே தொண்டையில் ஒரு கசப்பான மருந்தைப் பீய்ச்சினார்கள். சில நிமிடங்களில் தொண்டை தடித்ததுபோல் மரத்துவிட்டது. இடதுபக்கமாகப் படுக்கவைத்து, பற்களுக்கிடையே ஒரு வளையத்தைக் கடிக்கச் சொன்னார்கள். குழாய் ஏறத்தாழச் சுண்டுவிரல் பருமன். அது மூச்சுக்குழாய்க்குள் போவதில்லை, உணவுக்குழாய் வழியே போகிறது. ஆகவே மூச்சு நிற்காது. இரண்டு முறை குமட்டியது, கண்ணில் நீர் வந்தது, எச்சில் வழிந்தது. இரைப்பை விரியும்படி காற்றுச் செலுத்துவதால் ஏப்பம் வரும். அதற்கு வெட்கப்பட வேண்டாமென்று செவிலியர் சொன்னார். பத்து நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்தது. எனக்கு மயக்க ஊசி போடவில்லை. ஆகையால் திரையில் என் வயிற்றை நானே கண்டேன். வாயின் உட்புறம்போல ஈரமாக, இளஞ்சிவப்பாக இருந்தது. அமிலம் மேலே எதுக்களித்து உணவுக்குழாயின் அடியில் சிறு புண் இருந்ததாகச் சொன்னார்கள். மதிய உணவு வீட்டில்தான்.

சந்தேகமான இடத்தில் அரிசி மணியிலும் சிறிய சதைத் துணுக்கைக் கிள்ளி எடுப்பார்கள், அது வலிப்பதில்லை. "கிள்ளி எடுத்தால் புற்றுநோய்தான்" என்று நம்மிடையே ஒரு பேச்சு உண்டு. அது சரியன்று. பெரும்பாலும் ஒரு கிருமியைத் தேடித்தான் எடுக்கிறார்கள். 1979இல் ஆஸ்திரேலியாவில் ராபின் வாரன் என்பவர் இப்படி எடுத்த துணுக்குகளில் வளைந்த நுண்ணுயிர்களைக் கண்டார். அவை புண்ணுக்குக் காரணம் என்றால் யாரும் நம்பவில்லை. 1984இல் அவருடைய தோழர் பேரி மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் நோயுற்று, தமக்கே எண்டோஸ்கோபி செய்வித்து, அழற்சியையும் கிருமியையும் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இரைப்பைப் புண்ணுக்கு மிளகாயும் கவலையும்தான் காரணமென்று உங்கள் மாமியார் சொல்லியிருப்பார். பெரும்பாலான புண்களுக்குக் காரணம் இந்தக் கிருமி. அல்லது நாம் அன்றாடம் விழுங்குகிற வலி மாத்திரை. கிருமியென்றால் ஏறத்தாழ இரண்டு வார மாத்திரைகள், வலி மாத்திரையென்றால் அதை நிறுத்துவது. எது என்று பார்க்காமல் சிகிச்சை செய்வது இருட்டில் கல் எறிவதே.

பார்ப்பது மட்டுமல்ல, அதே குழாய் வழியே சிகிச்சையும் செய்கிறார்கள். இரத்தம் கசியும் குழலைக் கவ்வியால் பற்றி மூடுகிறார்கள். குடியினால் ஈரல் கெட்டு உணவுக்குழாயில் புடைத்த இரத்தநாளங்களுக்கு ரப்பர் வளையம் போடுகிறார்கள். குழந்தை விழுங்கிய நாணயத்தை எடுக்கிறார்கள். ஆசிட் குடித்துத் தப்பியவர்களின் சுருங்கிய உணவுக்குழாயைச் சிறிது சிறிதாக விரிக்கிறார்கள். ஆசனவாய் வழியாகச் செய்யும் கொலோனோஸ்கோபியில், பிற்காலத்தில் புற்றாக மாறக்கூடிய சிறு முளைகளை அறுத்தெடுக்கிறார்கள். அந்தச் சோதனையில் கடினமான பகுதி முந்தின நாள்தான். குடலைச் சுத்தம் செய்யும் நீர் மருந்தைச் செம்பு செம்பாகக் குடிக்க வேண்டும்.

வயிறு எரிகிற ஒவ்வொருவரும் இதற்கு ஓட வேண்டியதில்லை. ஆனால் மலம் தார்போலக் கறுத்துப் போனால் (இரும்புச்சத்து மாத்திரையாலும் கறுக்கும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்), இரத்த வாந்தி வந்தால், சோறு தொண்டையிலோ நெஞ்சிலோ சிக்கினால், காரணமின்றி உடல் மெலிந்தால், இரத்தசோகை தீராதிருந்தால், ஜெபக் குறிப்புக் கொடுத்த கையோடு மருத்துவரிடமும் போங்கள். நெஞ்சு அடைத்து வியர்த்தால் அது வாயு அல்லாமல் இருதயமாக இருக்கலாம். அப்போது முதலில் இ.சி.ஜி. எடுக்க வேண்டும். நம் சபையில் ஒரு பெரியவர் ஆறு மாதம் கஞ்சியாகக் குடித்துக்கொண்டு, சோறு இறங்கவில்லை என்பதை மனைவிக்கும் சொல்லாதிருந்தார். குழாய் விட்டுப் பார்த்தபோது மருத்துவர்கள் செய்யக்கூடியது அதிகம் மிஞ்சியிருக்கவில்லை. அவரை அடக்கம்பண்ணிய நாளை நீங்கள் அறிவீர்கள்.

இப்போது நான் எழுத வந்த காரியத்துக்கு வருகிறேன். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் ஒரு சகோதரிக்கு மருத்துவர் இந்தச் சோதனைக்குச் சீட்டு எழுதிக்கொடுத்தார். சீட்டு மூன்று மாதம் அவருடைய வேதாகமத்துக்குள்ளேயே இருந்தது. பயமா, பணமா என்று என் மனைவி கேட்டாள். "அம்மா, தினமும் மருந்துக்குள்ள உக்காந்து வேலை பாக்குறேன், குழாய்க்கா பயப்படுவேன்? அரசாங்க ஆஸ்பத்திரியில பணமும் கேக்க மாட்டாங்க. கூட ஒரு ஆளைக் கூட்டிட்டு வரச் சொன்னாங்க. என் மகன் திருப்பூர்ல இருக்கான். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டா, அவளுக்கும் ஒரு நாள் கூலி போகுமே" என்றார்.

அவருக்குத் தடையாக இருந்தது இதுதான். மயக்க ஊசி போட்டுக்கொண்டவர் தனியாக வீடு திரும்பக் கூடாது; அன்று முழுதும் வண்டி ஓட்டலாகாது, பத்திரத்தில் கையெழுத்திடலாகாது. அதனால்தான் துணை இல்லையென்றால் பல இடங்களில் சோதனையைத் தள்ளிவைக்கிறார்கள். இங்கிருந்து சிவகாசி போய் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் போவதென்றால் ஒரு பகல் முழுதும் கழிந்துவிடும். தீபாவளி நெருங்கும் மாதங்களில் ஒரு பகலின் விலை என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறை அறிந்து, அதற்குக் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளும்படி எழுதியது உங்களுக்குத் தெரியும். அதே தீமோத்தேயுவுக்கு எழுதிய மறு நிருபத்தில், தன்னோடு இருப்பவன் லூக்கா ஒருவனே என்கிறார். லூக்கா மருத்துவர். ஆனால் அந்த இடத்தில் பவுல் அவருடைய வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கூட இருப்பதை மட்டுமே சொல்கிறார்.

என் மனைவி அந்தச் சகோதரியோடு போனாள். கிருமிப் புண் என்று தெரிந்தது. பதினான்கு நாள் மாத்திரை சாப்பிட்டார். இப்போது ஆலைக்குப் போகிறார்.

வார நாளில் ஒரு பகலைக் கொடுக்கக்கூடியவர்கள் வருகிற ஞாயிறு ஆராதனைக்குப் பின் சபைச் செயலரிடம் பெயர் கொடுங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியைகள் இருவரும், ஓர் ஆட்டோ ஓட்டுநரும், என் மனைவியும் ஏற்கனவே கொடுத்திருக்கிறார்கள். துணைக்குப் போகிறவருக்குச் சில வேலைகள் உண்டு. பழைய சீட்டுகளையும் தினமும் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையையும், இரத்தம் உறையாதிருக்கும் மாத்திரையையும் நிறுத்துவதா வேண்டாமா என்று முன்னதாகவே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். நீங்களாக நிறுத்தச் சொல்லாதிருங்கள். கட்டுப்பல் இருந்தால் கழற்றி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சோதனை முடிந்து மருத்துவர் பேசும்போது அருகில் நின்று, ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மயக்கம் முழுதும் தெளியாத நோயாளி எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், வீடு சேர்ந்தபின் ஒன்றும் நினைவிராது. தொண்டை மரத்திருக்கும்வரை தண்ணீரும் கொடுக்காதிருங்கள். அன்றிரவு கடும் வயிற்று வலியோ நெஞ்சு வலியோ காய்ச்சலோ கறுத்த மலமோ வந்தால் விடியும்வரை காத்திராமல் திரும்ப அழைத்துச் செல்லுங்கள். அப்படி நேர்வது அரிது.

துணைக்குப் போகிறவர் உபவாசம் இருக்க வேண்டியதில்லை. நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அந்த இட்லிக் கடைக்கு மட்டும் நோயாளியை உள்ளே அழைத்துக்கொண்ட பிறகு போங்கள்.