நடு ஸ்பீக்கர்

கல்முனையிலிருந்து கொழும்புக்குப் புறப்படும் தனியார் பஸ்ஸில் ஓர் இரவேனும் பயணம் செய்தவருக்கு, பேஸ் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஆசனத்தின் கீழிருந்து புறப்பட்டு நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து நின்று அதிரும் அந்தச் சத்தம்தான் பேஸ். அதற்கு மேலே சலங்கையும் கைத்தாளமும் கீச்சென்று ஒலிப்பது ட்ரெபிள். 'நல்ல செட்' என்று எங்கள் ஊர் இளைஞர்கள் சொன்னால், யன்னல் கண்ணாடி நடுங்குகிறது என்பதே அதன் பொருள். பாட்டின் சொற்கள் கேட்கின்றனவா என்பது அந்தக் கணக்கில் வருவதில்லை.

மச்சான் கட்டாரிலிருந்து வந்தபோது ஒரு ரிசீவரும், ஐந்து சிறிய ஸ்பீக்கர்களும், ஒரு சப்வூபரும் கொண்டு வந்தார். அவற்றை ஹோலில் பூட்டிய நாளில் பிள்ளைகளுக்குப் பெருநாள்தான். உம்மா மாத்திரம் இரண்டு நாள் செட்டியின் ஓரத்தில் இருந்து பார்த்துவிட்டு, "என்னத்தப் பேசுறானுகள் மகன், ஒண்டும் விளங்குதில்லையே" என்றார். மூன்றாம் நாள் இஷா தொழுதுவிட்டுத் தன் அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டார். பிறகு அதுவே வழக்கமாயிற்று.

"வயசு போனா அப்படித்தான், படம் பாக்கிற ஆசையும் போயிரும்" என்றார் ராத்தா. எனக்கு மனம் ஒப்பவில்லை. கறுப்பு வெள்ளைப் படங்களின் கதையை ஒரு காட்சியும் விடாமல் சொல்லக்கூடியவர் உம்மா. சத்தத்தைக் கூட்டினால் வந்து இருப்பார்தான். ஆனால் படத்தில் ஒரு வாகனம் வெடித்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். அதே கணத்தில் பக்கத்து வீட்டுச் சுவரிலும் தட்டும் ஓசை கேட்கும்.

உம்மாவைக் காதுப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றேன். கையில் தந்த வரைபடத்தில் இடது பக்கம் கோடு ஓரளவு சமமாக ஓடியது. 2000 ஹேர்ட்ஸைத் தாண்டியதும் மலையிலிருந்து இறங்கும் பாதைபோலச் சரிந்தது. முதுமையில் காது எல்லாச் சத்தங்களையும் ஒரேயளவில் இழப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த சுருதிகள்.

இதன் விளைவை நம் மொழியைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கட்டு, தட்டு, பட்டு என்ற சொற்களைச் சொல்லிப் பாருங்கள். உயிரெழுத்தின் ஓசைக்குப் பலம் தருவது பெரும்பாலும் தாழ்ந்த சுருதி. முதலில் நிற்பது க-வா, த-வா, ப-வா என்று பிரித்துக் காட்டும் மெல்லிய வெடிப்பு, அதற்கு மேலேயும் பரவிக் கிடக்கிறது. 'ஸ்' என்ற ஓசையோ 4000 ஹேர்ட்ஸுக்கும் மேலே போய்விடும். ஆக, உம்மாவுக்குச் சத்தம் கேட்கிறது, சொல் கேட்பதில்லை. 'ஒண்டும் விளங்குதில்ல' என்று அவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து உண்மை. கேட்கவில்லை என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை.

சத்தத்தைக் கூட்டும் குமிழ், சொல்லையும் வெடியையும் சேர்த்தே கூட்டும். ஆனால் ஐந்து ஸ்பீக்கர் உள்ள அமைப்பில் படத்தின் உரையாடல் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. இசையும் இரைச்சலும் மற்றவற்றில் பரவும். இடியும் வெடியும் சப்வூபருக்குப் போகும். ஒவ்வொன்றின் அளவையும் தனித்தனியே மாற்ற ரிசீவரின் பட்டியலில் இடமுண்டு. பெரும்பாலானவற்றில் பத்து அல்லது 12 டெசிபெல் வரை கூட்டவும் குறைக்கவும் முடியும்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த வேலையில் இறங்கினேன். நடு ஸ்பீக்கர் டீவி மேசையின் கீழ்த் தட்டில், உட்புறமாக, கேட்பவரின் முழங்காலைப் பார்த்துக் கிடந்தது. அதைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்தின் கீழே சிறு மரத்துண்டு வைத்து, உம்மா இருக்கும் இடத்தை நோக்கி நிமிர்த்தினேன். மூலையில் இருந்த சப்வூபரை நகர்த்தினேன். மூலையில் வைத்தால் இரு சுவர்களும் சேர்ந்து பேஸைப் பெருக்கும். சீமெந்துத் தரையும் வெறுஞ்சுவரும் எதிரொலித்துச் சொல்லைக் குழப்பும் என்பதால், தடித்த திரைச்சீலையும் ஒரு கம்பளமும் போட்டோம்.

பிறகு ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உம்மாவின் இடத்துக்கும் உள்ள தூரத்தை அளந்து கொடுத்தேன். ஒலி செக்கனுக்குச் சுமார் 345 மீற்றர் ஓடுகிறது. ஒரு மீற்றர் வித்தியாசம் ஏறத்தாழ மூன்று மில்லிசெக்கன். தூரத்தைச் சொன்னால், கிட்ட இருக்கும் ஸ்பீக்கரை ரிசீவர் அந்தளவுக்குத் தாமதிக்கச் செய்து, எல்லாம் ஒன்றாக வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளும். அடுத்து 'டெஸ்ட் டோன்'. சோவென்று மழை பெய்வது போன்ற சத்தம் ஸ்பீக்கர் ஸ்பீக்கராகச் சுற்றி வரும். உம்மாவின் இடத்தில் இருந்துகொண்டு, முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டு வந்தேன். பின்னர் நடுவை மட்டும் நான்கு டெசிபெல் கூட்டி, சப்வூபரை ஐந்து குறைத்தேன். மூன்று டெசிபெல் கூட்டினால் மின்வலு இரட்டிக்கும். ஆனால் சத்தம் இரு மடங்காகக் காதுக்குத் தோன்ற ஏறக்குறையப் பத்து வேண்டும்.

பேஸ், ட்ரெபிள் இரண்டையும் கடைசியிலேயே தொட்டேன். பேஸ் இரண்டு கீழே, ட்ரெபிள் இரண்டு மேலே. அதற்கு மேல் போனால் 'ஸ்' எல்லாம் ஊசியாகக் குத்தும். சில ரிசீவர்களில் இவ்விரண்டும் முன்னால் உள்ள இடம், வலம் ஸ்பீக்கர்களை மட்டுமே மாற்றும் என்பதையும் கவனிக்க வேண்டும். மெல்லிய சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் நெருங்கச் செய்யும் 'நைட் மோட்' ஒன்றும் இருந்தது. அதைப் போட்டதும் வெடி அடங்கி முணுமுணுப்பு மேலே வந்தது. பழைய படங்களுக்கு 'புரோ லொஜிக்' என்ற முறையைத் தெரிவு செய்தேன். இரு பக்கமும் ஒன்றுபோல் வரும் குரலை அது நடு ஸ்பீக்கருக்கு அனுப்பிவிடும்.

"பேஸே இல்ல வாப்பா" என்று என் மூத்த மகன் முகத்தைச் சுருக்கினான். அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. சத்தத்தைக் குறைக்கும்போது காதில் முதலில் மங்குவது தாழ்ந்த சுருதிதான் என்பதை பிளெச்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933 இலேயே அளந்து காட்டியிருக்கிறார்கள். "உம்மம்மா படுத்த பிறகு கூட்டிக்கொள், ஆனால் பக்கத்து வீட்டுச் சுவரையும் நினைத்துக்கொள்" என்றேன். தாழ்ந்த சுருதிக்குச் சுவர் ஒரு தடையே அல்ல.

அன்றிரவு ஒரு பழைய நகைச்சுவைப் படம் போட்டோம். உம்மாவைக் கூப்பிட்டு அவருடைய இடத்தில் இருத்தினேன். பாதிப் படத்தில், பிள்ளைகளுக்குப் பகிடி பிடிபடுமுன்னரே உம்மா சிரித்தார். ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை.

ரிசீவர் காதைத் திருப்பித் தராது. அதற்குக் காது மெஷின்தான் வேண்டும்; உம்மாவும் இப்போது பகலில் அதைப் போட்டுக்கொள்கிறார். ஆனால் இந்த வேலை எனக்கு வேறொன்றைக் கற்றுத் தந்தது. வயதானவரிடம் நாம் குரலை உயர்த்திக் கத்துகிறோம். கத்தும்போது பெருப்பது உயிரெழுத்தின் ஓசைதான். மெய்யெழுத்து அந்த இரைச்சலில் இன்னும் அமிழ்ந்து போகிறது. கேட்பவருக்கு மிஞ்சுவது நமது கோபம் மட்டுமே.

இப்போது வீட்டில் எவரும் உம்மாவை அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவதில்லை. ஃபேனை நிறுத்திவிட்டு, கதிரையை இழுத்து, அவருடைய முகத்துக்கு நேரே இருந்து, வழமையான குரலில் ஆறுதலாகப் பேசுகிறோம். உதட்டைப் பார்த்து பாதியையும், காதால் பாதியையும் சேர்த்து அவர் சொல்லை முழுமையாக்கிக்கொள்கிறார். அப்படிப் பேசத் தொடங்கிய பிறகுதான், எங்களிடம் சொல்வதற்கு அவரிடம் எவ்வளவு கதை மீதம் இருக்கிறது என்பது தெரியவந்தது.