நூத்துல எம்புள்ள எது?

1929 டிசம்பர் 12ஆம் தேதி 'யங் இந்தியா'வில் ஒரு கடிதம் வந்தது. அம்பேத்கர் தன் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் அதை எடுத்து வைத்திருக்கிறார். கத்தியவாரில் ஒரு தலித் பள்ளி ஆசிரியர். பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. டாக்டரைக் கூப்பிட்டால் சேரிக்குள் வரமாட்டேன், அவளைத் தொடவும் மாட்டேன் என்கிறார். கெஞ்சிக் கூத்தாடி, சேரிக்கு வெளியே தூக்கி வந்து காட்டினால் பார்க்கிறேன் என்று சம்மதிக்கிறார். வெப்பமானியை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் கணவனிடம் கொடுக்க, கணவன் மனைவியிடம் கொடுக்கிறான். அதே வழியில் அது திரும்பி வருகிறது. விளக்கு வெளிச்சத்தில் எண்ணைப் பார்த்துவிட்டு நிமோனியா என்று சொல்லிப் போய்விடுகிறார். அந்தப் பெண் செத்துப் போனாள்.

அந்த டாக்டர் சொன்ன நோய் சரியாகவே இருந்திருக்கலாம். நான் பேச வந்தது அதுவல்ல. கையில் ஒரு எண் இருந்தால் தொடாமலே வைத்தியம் பார்த்ததாகக் கணக்குக் காட்டிவிட முடியும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இன்றைக்குக் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் வேறொரு எண் வந்திருக்கிறது. இந்தப் பிள்ளை பிழைக்குமா சாகுமா என்று முன்கூட்டியே சொல்கிற எண். அதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

இது நேற்று முளைத்ததல்ல. 1988இல் அமெரிக்காவில் போலாக் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் 'பிரிசம்' என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தார்கள். நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம், கண்பாவை வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா என்பது போன்ற 14 அளவுகளை வைத்துச் சாவுக்கான வாய்ப்பைக் கணக்கிடுவது. 1997இல் 'பிம்' என்று இன்னொன்று வந்தது. பிள்ளை தீவிர சிகிச்சைக்குள் வந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே கணக்குப் போட்டுவிடுவது அது. இப்போது இயந்திரக் கற்றல். பழைய நோயாளிகள் ஆயிரக்கணக்கானோரின் அளவுகளையும், கடைசியில் யார் பிழைத்தார்கள் யார் செத்தார்கள் என்பதையும் கணினிக்குக் கொடுத்துவிடுகிறார்கள். எந்த அளவுக்கு எவ்வளவு எடை என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்கிறது. புதுசாக ஒரு பிள்ளை வந்தால் ஒரு விழுக்காடு சொல்கிறது. ஜோசியம் இல்லை, பழைய கணக்குதான். ஆனால் அது யாருடைய பழசு?

இந்தக் கேள்வி எனக்குப் புத்தகத்திலிருந்து வரவில்லை. 2018 மார்கழியில் எங்க அக்கா மகனுக்குக் காய்ச்சல். நாலு வயசு. அக்கா விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் கூலி. களிமண் கரைசலை அச்சில் ஊற்றி எடுத்த பொம்மைக்கு ஓரம் சீவி, தண்ணி தொட்டு வழவழப்பாக்கும் வேலை. வேலை இல்லாத நாளில் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முந்திரித் தோப்புக்கு விறகு பொறுக்கப் போகும். ஆறாம் நாள் பையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது, கண் சொருகியது. உள்ளூரில் பார்த்துவிட்டு மேலே கொண்டு போங்கள் என்றார்கள். கடன் வாங்கிக்கொண்டு ஒரு பெரிய ஊரின் தனியார் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டர் நாலைந்து எண்ணைச் செல்போனில் தட்டினார். "சாவுறதுக்கு நூத்துக்கு நாப்பது சான்ஸ் இருக்கு. ஒரு நாளைக்கு இவ்வளவு ஆகும். வச்சிக்கிறதா, கூட்டிட்டுப் போறதான்னு நீங்களே முடிவு பண்ணுங்க" என்றார். அறுபது பங்கு பிழைக்கும் என்றும் அதே எண்ணைச் சொல்லலாம். எங்கள் சட்டையையும் அக்கா காலில் காய்ந்திருந்த களிமண்ணையும் பார்த்தவருக்கு நாற்பதுதான் வாயில் வந்தது.

அக்கா கேட்டது: "சூளைக்குப் போற நூறு பொம்மையில நாப்பது வெடிச்சா, அறுபது தேறுச்சின்னு மொதலாளி கணக்குப் பாப்பாரு சார். வெடிச்சதுக்கு வேற ஊத்திக்கலாம். எனக்கு இருக்கறது ஒண்ணு. நூத்துல எம்புள்ள எது, அதச் சொல்லுங்க."

அவரிடம் பதில் இல்லை. பதில் யாரிடமும் இருக்காது. விழுக்காடு கூட்டத்தைப் பற்றிய செய்தி, ஒரு பிள்ளையைப் பற்றியதல்ல. ஒரு மருத்துவமனை எப்படி வேலை செய்கிறது, மற்றதோடு ஒப்பிட்டால் எப்படி என்று பார்க்கத்தான் இந்த மதிப்பெண்கள். ஒரு தனிப் பிள்ளையின் சிகிச்சையை நிறுத்துவதற்கல்ல. துறை தெரிந்தவர்களே இதை ஒத்துக்கொள்கிறார்கள்.

பணம் இல்லாததால் கையெழுத்துப் போட்டுப் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தோம். பெற்றோர் விருப்பத்தின் பேரில் அழைத்துச் சென்றார்கள் என்று எழுதிக்கொண்டார்கள். அந்தக் கணக்கில் எங்கள் பையன் செத்தவனும் இல்லை, பிழைத்தவனும் இல்லை. இப்படி எழுதப்பட்டு வீட்டுக்குப் போய்ச் சாகிற பிள்ளைகள், வழியில் 108 வண்டியில் சாகிற பிள்ளைகள், வண்டியே ஏறாத பிள்ளைகள் எந்த இயந்திரத்துக்குப் பாடமாகிறார்கள்?

அரசு மருத்துவமனையில் இராத்திரி இரண்டு மணிக்கு ஒரு நர்சம்மா பையன் சட்டையைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். அக்குளில் பீடி நெருப்பில் சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு. "தோப்பு, காடுன்னு எங்கயாவது போனீங்களாம்மா?" என்று கேட்டார். ஸ்க்ரப் டைபஸ். புதர்க்காட்டில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிப்பூச்சி கடித்து வருவது. அதற்கான மருந்து விலை மலிந்த பழைய மருந்துதான். பையன் பிழைத்தான். தொட்டுப் புரட்டிப் பார்த்த ஒரு கை கண்டுபிடித்தது அது. செல்போனில் தட்டின எண்களில் அந்தப் பொருக்குக்கு இடமே இல்லை.

பிறகு புள்ளியியல் படித்த ஒரு தோழரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2006இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 'பிரிசம்', 'பிம்' முறைகளைத் தங்கள் குழந்தைகள் பிரிவில் சோதித்து எழுதியிருக்கிறார்கள். யாருக்கு ஆபத்து அதிகம், யாருக்குக் குறைவு என்று வரிசைப்படுத்துவதில் அவை தேறின. ஆனால் அவை சொன்னதைவிட அதிகமான பிள்ளைகள் செத்திருந்தார்கள். பணக்கார நாட்டு ஆஸ்பத்திரியில் அதே இரத்த அழுத்தத்தோடு வருகிற பிள்ளையும், மூன்று ஊர் அலைந்து கடைசியில் இங்கே வந்து விழுகிற பிள்ளையும் ஒன்றில்லையே.

2024இல் குழந்தைகளின் செப்சிஸுக்கு, அதாவது கிருமித் தொற்று முற்றி உறுப்புகள் செயலிழக்கும் நிலைக்கு, 'ஃபீனிக்ஸ்' என்ற புது அளவுகோல் வந்தது. 30 லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனைப் பதிவுகளைக் கணினிக்குக் கொடுத்து உருவாக்கியது. பதிவுகள் அமெரிக்கா, கொலம்பியா, வங்கதேசம், சீனா, கென்யாவிலிருந்து. ஏழை நாடுகளையும் சேர்த்தது நல்ல காரியம். ஆனால் அந்தப் பட்டியலில் இந்தியா இல்லை.

விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவி இந்தக் கணக்குகளுக்கெல்லாம் எண் கொடுக்கிறது. 2020இல் அமெரிக்காவில் பெரியவர்களிடம் செய்த ஆய்வில், உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் கருவி நன்றாக இருப்பதாகக் காட்டியது வெள்ளையர்களில் 3.6 விழுக்காடு, கறுப்பர்களில் 11.7 விழுக்காடு. தோல் கறுப்பாக இருந்தால் கருவியின் வெளிச்சம் ஏமாந்துவிடுகிறது. கறுத்த பிள்ளைகள் நிறைந்த நம் தெருக்களில் இதைக் கேட்காமல் இருக்க முடியுமா?

அங்கேயே 2019இல் இன்னொன்று வெளிவந்தது. யாருக்குக் கூடுதல் கவனிப்பு தேவை என்று சொல்ல ஒரு மென்பொருள். நோயை அளக்க அது செலவை அளவாக எடுத்துக்கொண்டது. கறுப்பின மக்களுக்குச் செய்யப்பட்ட செலவு முன்பே குறைவு. அதனால் அவர்களுக்கு நோயும் குறைவு என்று இயந்திரம் படித்துக்கொண்டது. இனம் என்ற கட்டமே அதில் கிடையாது. இருந்தும் இனவெறி உள்ளே நுழைந்துவிட்டது.

நம் மருத்துவமனைச் சீட்டிலும் சாதிக் கட்டம் தேவையில்லை, முகவரி போதும். 2025 ஏப்ரலில் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் சொல்லை எடுத்தாலும் தெரு அங்கேயேதான் இருக்கிறது. 2015-16 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பிறக்கும் ஆயிரத்தில் ஐந்து வயதுக்குள் சாகும் பிள்ளைகள் பட்டியல் சாதியில் 56, பட்டியலிலும் பிற்பட்டோரிலும் சேராத மற்றவர்களில் 39. இந்த வித்தியாசம் இரத்தத்தில் இல்லை. குடிதண்ணீரில், சோற்றில், ஆஸ்பத்திரிக்கான தூரத்தில், தொடத் தயங்கும் கையில் இருக்கிறது. இந்தச் சாவுகளைப் பாடமாகப் படிக்கிற இயந்திரம் 'இந்தத் தெருப் பிள்ளைகள் சாகும்' என்று சொன்னால், கணக்கு சரியாகவே வரும். அநியாயம் விதியாக எழுதப்பட்டுவிடும். கர்மவினை என்று சொன்னவர்கள் இனிமேல் விழுக்காடு என்று சொல்லிக்கொள்வார்கள்.

இயந்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இராத்திரியில் ஒரே டாக்டர் நாற்பது பிள்ளைகளைப் பார்க்கிற இடத்தில், இந்தப் பிள்ளைக்கு இரத்த அழுத்தம் விழப் போகிறது என்று முன்னாலேயே ஒரு மணி அடித்தால் அது உயிர் காக்கும். நல்ல நர்சம்மா இல்லாத ஊருக்கு அவர் கற்றதை அது கொண்டுபோய்ச் சேர்க்கும். அந்த வசதியை நமக்கு மறுக்கிறவர்களும் வேறொரு தீண்டாமையைத்தான் செய்கிறார்கள்.

நாம் கேட்க வேண்டியது இவை. இங்கே பயன்படுத்தும் எந்தக் கணக்கும் முதலில் இங்குள்ள பிள்ளைகளிடம் சோதிக்கப்பட வேண்டும். தலித், பழங்குடிப் பிள்ளைகளிடம் அது எப்படித் தவறுகிறது என்று தனியாக வெளியிட வேண்டும். கையெழுத்துப் போட்டுத் தூக்கிப் போன பிள்ளை என்ன ஆனது என்று தேடிப் போய்க் கணக்கில் சேர்க்க வேண்டும். எண்ணை நம் மொழியில், இரண்டு பக்கமும் சொல்ல வேண்டும். எண் மோசமாக இருந்தால் கூடுதல் ஆள், கூடுதல் மருந்து, கூடுதல் கவனம் வர வேண்டும். படுக்கை பறிபோகக் கூடாது.

மருத்துவம் படிக்கிற, கணினி படிக்கிற நம் பிள்ளைகள் இன்றைக்குக் கொஞ்சம் பேராவது இருக்கிறார்கள். இந்தக் கணக்கு போடப்படும் அறைக்குள் அவர்கள் போய் உட்கார வேண்டும். கட்டம் வரைகிறவர்கள் யாரோ அவர்கள்தான் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்று தீர்மானிக்கிறார்கள்.